இனப்படுகொலையை எழுதும் கை எங்கே நிற்கிறது?

இனப்படுகொலையின் துயரத்தைக் கலையும் இலக்கியமும் எப்படிக் காட்டுகின்றன, அதைக் காட்டத்தான் முடியுமா, படிப்பதென்றால் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். மூன்று கேள்வி மாதிரி தெரிந்தாலும் என்னைப் பொறுத்தவரை மூன்றும் ஒன்றுதான். இந்த வகைப் படைப்புகளைப் பல வருடமாகப் படித்தும் பார்த்தும் வந்ததில் நான் கவனிக்கப் பழகியது ஒரு விஷயத்தை: படைப்பாளி எந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்? எவ்வளவு காட்டினார் என்பதைவிட அதுதான் எனக்கு அதிகம் சொல்கிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இனப்படுகொலையைக் குறிக்கும் 'ஜெனோசைட்' என்ற சொல்லுக்கு வயது அதிகமில்லை. ரஃபேல் லெம்கின் என்ற போலந்து யூதச் சட்ட அறிஞர் 1944இல் உருவாக்கியது. 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. அதை உடன்படிக்கையில் ஏற்றியது. ஆனால் எல்லாம் அழிந்த பிறகு மிச்சமிருப்பவர் என்ன பேச முடியும் என்பது ரொம்பப் பழைய பிரச்சினை. புறநானூற்றின் 112ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாரியின் பறம்பு மலையை மூவேந்தர்கள் பிடித்துவிட்டார்கள், பாரியும் இல்லை. அவன் மகளிர் பாடியதாகச் சொல்லப்படும் பாட்டு ஐந்தே அடி. அன்றைக்கு அடித்த வெண்ணிலவில் எங்களுக்குத் தந்தை இருந்தார், எங்கள் குன்றையும் பிறர் கொள்ளவில்லை. இன்றைக்கு அடிக்கும் இந்த வெண்ணிலவில், வென்று முரசறைந்த வேந்தர்கள் குன்றை எடுத்துக்கொண்டார்கள், எங்களுக்குத் தந்தையும் இல்லை. அவ்வளவுதான். வாள் இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை, இரண்டு இரவு நிலா மட்டும் இருக்கிறது. ஒரு குறுநில மன்னனின் வீழ்ச்சியை யாரும் இனப்படுகொலை என்று சொல்லப் போவதில்லை. ஆனால் இழப்பைச் சொல்வதற்கு அந்தப் பாட்டு பிடித்த வழி இருக்கிறதே, இருபதாம் நூற்றாண்டில் பெரிய பெரிய ஆட்கள் தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்தது அங்கேதான்.

முதல் இடைஞ்சல், எண். நாஜிகள் கொன்ற 60 லட்சம் யூதர்கள். ருவாண்டாவில் 1994இல் நூறு நாளில் சுமார் 8 லட்சம் பேர். கம்போடியாவில் நாலு வருடத்துக்குள் 15 லட்சத்துக்கும் மேல். படிக்கும்போது மனம் ஒரு கணம் திடுக்கிடும், அப்புறம் அடுத்த வரிக்குப் போய்விடும். கொன்றவர்களும் எண்ணாகத்தான் பார்த்தார்கள் என்பது கூடுதல் சங்கடம். இத்தாலியின் டூரின் நகரத்து யூத வேதியியலாளர் பிரீமோ லெவி 1944 பிப்ரவரியில் ஆஷ்விட்ஸ் என்ற நாஜி கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டார். ரயிலில் ஏற்றுவதற்கு முன் ஆள் எண்ணிக்கை எடுக்கிறார்கள். 'எத்தனை உருப்படி?' என்று ஜெர்மன் அதிகாரி கேட்கிறார். கீழே இருப்பவர் விறைப்பாகச் சல்யூட் அடித்து, 650 உருப்படி, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்கிறார். லெவி இதற்கு மேல் கோபத்தைக் கொட்டுவதில்லை. பக்கம் நெடுக ஆய்வகக் குறிப்பு எழுதுவது போலவே எழுதிக்கொண்டு போகிறார்.

முகாமைப் பற்றி அவர் எழுதிய அந்த முதல் புத்தகம் 1947இல் வந்தது. பெரிய பதிப்பகம் ஒன்று வேண்டாம் என்று திருப்பிவிட, சின்னப் பதிப்பகம் ஒன்று 2,500 பிரதி அச்சிட்டது. அதுவும் முழுதாக விற்கவில்லை. போர் முடிந்த கையோடு யாருக்கும் அதைக் கேட்க மனமில்லை. 1958இல்தான், முன்பு திருப்பிவிட்ட அதே பதிப்பகம் மறுபடி வெளியிட்டது. சாட்சி சொல்ல ஆள் இருந்தும் கேட்க ஆள் இல்லாத அந்தப் பதினோரு வருடங்களை இந்தப் பேச்சில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

லெவியிடம் நான் திரும்பத் திரும்பப் போகும் இடம் அந்தப் புத்தகத்தில்கூட இல்லை. 1963இல் வந்த 'தி ட்ரூஸ்' என்ற அடுத்த புத்தகத்தில், முகாம் விடுவிக்கப்பட்ட பிறகு நோயாளிகள் கிடத்தப்பட்ட கூடத்தில் ஒரு குழந்தை வருகிறது. வயது மூன்று இருக்கலாம். இடுப்புக்குக் கீழே செயல் இல்லை, கால்கள் குச்சி போல இருக்கின்றன. பெயர் இல்லை, ஹுர்பினெக் என்று யாரோ கூப்பிட ஆரம்பித்து அதுவே பெயராகிவிட்டது. பேச்சு வராது, ஏனென்றால் பேசக் கற்றுக்கொடுக்க ஒருவரும் இருந்ததில்லை. கண்கள் மட்டும் சொல்லுக்காகத் தவிக்கின்றன. பக்கத்துக் கட்டிலில் இருந்த பதினைந்து வயது ஹங்கேரியப் பையன் அந்தக் குழந்தைக்குச் சோறூட்டுகிறான், துடைத்துவிடுகிறான், பொறுமையாகப் பேச்சுக் கொடுக்கிறான். ஒரு வாரம் கழித்து, ஹுர்பினெக் ஒரு சொல் சொல்கிறான் என்று அறிவிக்கிறான். என்ன சொல்? 'மாஸ்க்லோ' மாதிரி இருக்கிறது, 'மாட்டிஸ்க்லோ' மாதிரியும் இருக்கிறது. அந்தக் கூடத்தில் ஐரோப்பாவின் எல்லா மொழிக்காரர்களும் இருக்கிறார்கள். ராத்திரியில் எல்லாரும் காது கொடுத்துக் கேட்கிறார்கள். ஒருவருக்கும் புரியவில்லை. 1945 மார்ச் தொடக்கத்தில் குழந்தை இறந்துபோகிறது. அதன் சின்னக் கையிலும் முகாம் எண் பச்சை குத்தியிருந்தது.

இங்கே லெவி என்ன செய்திருக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள் கொடுத்திருக்கலாம். 'அம்மா' என்றோ 'ரொட்டி' என்றோ முடித்திருந்தால் வாசகர் அழுதுவிட்டு நிம்மதியாகப் புத்தகத்தை மூடியிருப்பார். அவர் அதைச் செய்யவில்லை. அவனிடமிருந்து மிஞ்சியது எதுவுமில்லை, என் சொற்கள் வழியாகத்தான் அவன் சாட்சி சொல்கிறான் என்ற அளவில் நிறுத்திவிடுகிறார். பொருள் தெரியாத அந்தச் சொல் இன்றுவரை அப்படியே நிற்கிறது. 1986இல் எழுதிய கடைசி நூல்களில் ஒன்றில் லெவி இதையே வேறு விதமாகச் சொன்னார்: பிழைத்து வந்த நாங்கள் உண்மையான சாட்சிகள் இல்லை, அடிமட்டம்வரை போனவர்கள் திரும்பி வரவில்லை, வந்தாலும் பேச்சில்லாமல் வந்தார்கள்.

அடுத்த இடைஞ்சல், அழகு. ஆஷ்விட்ஸுக்குப் பிறகு கவிதை எழுதுவது காட்டுமிராண்டித்தனம் என்று தத்துவவாதி அடோர்னோ சொன்னதை எல்லாரும் எடுத்து வைப்பார்கள். அவர் அதை எழுதியது 1949இல். 1966இல் அவரே அதைத் தளர்த்தி, வதைபடுகிறவனுக்கு அலற உரிமை இருப்பது போல நீங்காத துயரத்துக்கும் வெளிப்பட உரிமை உண்டு என்று எழுதியதை யாரும் சொல்வதில்லை. அடோர்னோவைப் பாதியில் நிறுத்திவிட்டு மேற்கோள் காட்டுவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

அந்த வாக்கியத்தை நேருக்கு நேர் அனுபவித்தவர் யூதக் கவிஞர் பால் செலான். 1920இல், அன்று ருமேனியாவில் இருந்த செர்னோவிட்ஸில் பிறந்தவர். ஜெர்மன் மொழியை அவருக்கு ஆசையாக ஊட்டியவர் அவருடைய அம்மா. 1942இல் அப்பாவும் அம்மாவும் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்டார்கள், அம்மாவைச் சுட்டார்கள். சுட்டவர்கள் பேசியதும் அம்மா ஊட்டியதும் ஒரே மொழி. செலான் அந்த மொழியில்தான் எழுதினார், கடைசிவரை. அவருடைய 'மரண ஃபியூக்' கவிதை 1947இல் முதலில் ருமேனிய மொழிபெயர்ப்பாகத்தான் அச்சேறியது. விடியலின் கறுப்புப் பாலைக் காலையிலும் பகலிலும் இரவிலும் குடிக்கிறோம் என்று சுழன்று சுழன்று வரும் வரிகள் அதில் இருக்கின்றன. காதில் விழும்போது தாளம் ஆளை இழுத்துக்கொண்டு போகும். முகாமில் கைதிகளைக் குழி தோண்ட வைத்து, வேறு சில கைதிகளை இசைக்க வைத்ததைத்தான் அந்தத் தாளம் சொல்கிறது.

என்ன நடந்தது தெரியுமா? போருக்குப் பிந்தைய ஜெர்மன் பள்ளிகளில் அதை 'ஃபியூக்' என்ற இசை வடிவத்துக்கு நல்ல உதாரணமாகப் பாடம் நடத்தினார்கள். எதுகை எப்படி, மறுபடி வரல் எப்படி என்று. அந்தப் பால் ஏன் கறுப்பு என்ற கேள்வி ஓரத்துக்குப் போய்விட்டது. செலான் ஒரு கட்டத்துக்குப் பிறகு அந்தக் கவிதையைத் தொகுப்புகளுக்குத் தர மறுத்தார். பிந்தைய கவிதைகளைப் பார்த்தால் தாளமெல்லாம் உதிர்ந்து, வரி சுருங்கி, சொல்லையே ஒடித்து ஒடித்து வைத்திருப்பார். புரியவில்லை என்று பலர் குறைப்பட்டார்கள். அழகு ஒருமுறை காலை வாரிவிட்டதால் அதை அவர் வேண்டுமென்றே வெட்டியெறிந்தார் என்பது என் வாசிப்பு. 1970இல் பாரிஸில் செய்ன் ஆற்றில் விழுந்து உயிரை முடித்துக்கொண்டார்.

சினிமாவுக்கு வருவோம். உங்களில் பெரும்பாலோர் முதலில் பார்த்திருக்கக்கூடியது 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்', 1993. திறமையான படம், மறுக்க மாட்டேன். ஆனால் அறுபது லட்சம் பேர் செத்ததைப் பற்றிய உலகின் மிகப் பிரபலமான படம், பிழைத்துக்கொண்ட ஆயிரத்துச் சொச்சம் பேரின் கதை என்பதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. அதில் பெண்களைக் குளியலறைக்குள் தள்ளுவார்கள், விஷவாயு வரப்போகிறது என்று நாம் பதறுவோம், தண்ணீர் வரும், பெருமூச்சு விடுவோம். அந்தப் பெருமூச்சுதான் எனக்குப் பிரச்சினை.

அந்த அறையின் வாசலில் நின்றுவிட்ட படம் ஒன்று உண்டு. பிரெஞ்சு இயக்குநர் குளோட் லான்ஸ்மன் 1985இல் முடித்த 'ஷோவா', ஒன்பதரை மணி நேரம். பழைய ஆவணக் காட்சி ஒரு சட்டகம்கூடக் கிடையாது. இன்றைய வயல், இன்றைய தண்டவாளம், பேசும் மனிதர்கள் மட்டும். அதில் ஆபிரகாம் பாம்பா வருகிறார். ட்ரெப்ளிங்கா என்ற நாஜி கொலை முகாமில், விஷவாயு அறைக்குப் போகும் பெண்களின் தலைமுடியை வெட்டும் வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. லான்ஸ்மன் அவரை டெல் அவீவில் இதற்காகவே வாடகைக்கு எடுத்த ஒரு சலூனில் நிறுத்தி, கையில் கத்தரிக்கோலைக் கொடுத்து, ஒருவருக்கு முடிவெட்டிக்கொண்டே பேசச் சொல்கிறார். பாம்பா தட்டையான குரலில், வேறு யாருக்கோ நடந்த மாதிரி சொல்லிக்கொண்டு போகிறார். உங்களுக்கு என்ன தோன்றியது என்று லான்ஸ்மன் துருவுகிறார். தன்னோடு வேலை செய்த ஊர்க்காரர் ஒருவரின் மனைவியும் தங்கையும் அந்த அறைக்குள் வந்த நாளைச் சொல்ல வாயெடுக்கிறார் பாம்பா. குரல் நின்றுவிடுகிறது. முகத்தைத் துடைக்கிறார். கை மட்டும் வேலையை விடவில்லை. என்னால் முடியாது என்கிறார். சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிறார் லான்ஸ்மன், கெஞ்சுவது போல. கேமராவும் நகரவில்லை.

இது கொடுமை என்று சொல்கிறவர்கள் உண்டு. பார்த்தபோது எனக்கும் கேமராவை அணைத்தால் தேவலை என்றிருந்தது. இன்னொரு பக்கம், பாம்பா பேசிய எல்லாவற்றையும்விட அந்த மௌனத்தில்தான் ட்ரெப்ளிங்கா தெரிகிறது. அந்த மௌனத்தைப் பெறுவதற்காக ஒரு மனிதரை மறுபடி அந்த இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தலாமா? பல வருடமாக இதில் நான் ஒரு முடிவுக்கு வரவில்லை.

கம்போடிய இயக்குநர் ரித்தி பான் வேறு விதமாகப் போனார். கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் பெற்றோரை இழந்த சிறுவன் அவர். புனோம் பென்னில் பள்ளிக்கூடமாக இருந்த கட்டடத்தைச் சிறையாக்கி, எஸ்-21 என்று பெயர் வைத்து, 12,000 பேருக்கு மேல் அடைத்தார்கள். தப்பியவர்களை விரல்விட்டு எண்ணலாம். 2003இல் வந்த ஆவணப்படத்தில் ரித்தி பான் அங்கே காவலாளியாக இருந்தவர்களையே திரும்ப அழைத்து வருகிறார். ஒருவர், அப்போது பொடியனாக வேலைக்குச் சேர்க்கப்பட்டவர், காலியான அறைக்கு முன்னால் நின்று அன்றைக்குச் செய்ததைச் செய்து காட்டுகிறார். பூட்டைத் திறக்கிறார், உள்ளே போகிறார், இல்லாத கைதியை 'உட்கார்' என்று அதட்டுகிறார், வெளியே வந்து பூட்டுகிறார். உடம்பு எதையும் மறக்கவில்லை, இருபத்தைந்து வருடம் கழித்தும். கவனித்துப் பாருங்கள், அவர் உள்ளே போகும்போது கேமரா பின்னாலேயே போகாது, வாசலோடு நின்றுவிடும். ஏன் என்று ரித்தி பானே சொல்லியிருக்கிறார்: உள்ளே போயிருந்தால் தரையில் படுத்திருக்கும் கைதிகளை மிதித்தாக வேண்டியிருக்கும். இல்லாத கைதிகளை மிதிக்கக் கூடாது என்று நினைத்த அந்தக் கேமராவுக்காகவே அந்தப் படத்தைப் பார்க்கலாம். பத்து வருடம் கழித்து, தன் சொந்தக் குடும்பத்தின் கதையைச் சொல்லும்போது அவர் நடிகர்களையே விட்டுவிட்டார். எல்லாரும் களிமண் பொம்மைகள். பொம்மைகள் அசையக்கூட அசையாது.

2023இல் வந்த 'தி ஸோன் ஆஃப் இன்டரஸ்ட்' இதே வழியில் இன்னொரு அடி. ஆஷ்விட்ஸ் தளபதியின் வீடு, தோட்டம், குழந்தைகள், நாய். மதிலுக்கு அந்தப் பக்கம் முகாம். கொலை எதுவும் கண்ணில் படாது, காதில் மட்டும் விழுந்துகொண்டே இருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் எதிர்த்துருவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1915இல் உதுமானியத் துருக்கியப் பேரரசு ஆர்மீனியர்களை அழித்தபோது தப்பி அமெரிக்கா வந்து சேர்ந்த அரோரா மார்டிகானியன் என்ற பெண்ணுக்குப் பதினேழு, பதினெட்டு வயதிருக்கும். அவர் கதையைப் புத்தகமாகப் போட்டு, 1919இல் படமாகவும் எடுத்து, அவரையே அவராக நடிக்க வைத்தார்கள். படப்பிடிப்பு நாளில் ஒப்பனை அறையிலிருந்து வெளியே வந்தவர், சிவப்புக் குல்லாய் போட்ட துணை நடிகர்களைப் பார்த்துவிட்டு, நம்மை ஏமாற்றி மறுபடி துருக்கியர்களிடம் ஒப்படைக்கப் போகிறார்கள் என்று அரண்டுபோனாராம். ஒரு காட்சியில் விழுந்து கணுக்கால் முறிந்தது. கட்டுப் போட்டு மேற்கொண்டு நடிக்க வைத்தார்கள். படம் நிவாரண நிதி திரட்டப் பயன்பட்டது என்பது உண்மை, அந்தப் பணத்தில் எத்தனையோ அனாதைகள் சோறு தின்றார்கள். ஆனால் எங்கேயும் நிறுத்தத் தெரியாத கலை எப்படி இருக்கும் என்று கேட்டால் நான் இந்தப் படப்பிடிப்பைத்தான் சொல்வேன்.

அதே ஆர்மீனியத் துயரம்தான் அர்ஷீல் கோர்கியின் ஓவியத்திலும் இருக்கிறது. 1912இல் வான் என்ற ஆர்மீனியர் வாழ்ந்த நகரத்தில் எடுத்த ஒரு புகைப்படம்: எட்டு வயதுப் பையன் கோட்டுப் போட்டு, கையில் பூவோடு நிற்கிறான், பக்கத்தில் பூவேலை செய்த ஏப்ரன் கட்டி அம்மா உட்கார்ந்திருக்கிறார். அமெரிக்காவில் இருந்த அப்பாவுக்கு, எங்களை மறந்துவிடாதே என்பதற்காக அனுப்பிய படம். 1915இல் ஊரைவிட்டு ஓட்டம். 1919இல் யெரெவானில் அம்மா பட்டினியில் இறந்தார். அமெரிக்கா போய்ச் சேர்ந்த பையன் 1926 வாக்கில் அந்தப் புகைப்படத்தை வைத்து வரைய ஆரம்பித்தான். பத்து வருடத்துக்கு மேல் வரைந்துகொண்டே இருந்தான். பூசுவது, காய்ந்ததும் சவரப் பிளேடால் சுரண்டி வழுவழுப்பாக்குவது, மறுபடி பூசுவது. இரண்டு ஓவியங்கள் இருக்கின்றன, ஒன்று நியூயார்க்கில், ஒன்று வாஷிங்டனில். புகைப்படத்தில் இருந்த பூவேலை ஓவியத்தில் இல்லை, அம்மாவின் மடி வெறுமையாக இருக்கிறது. கைகளைப் பாருங்கள். முகம் அவ்வளவு துல்லியமாக வந்திருக்கிறது, கைகள் மட்டும் வெள்ளைப் பூச்சுக்குள் கரைந்து, விரலே இல்லாமல் நிற்கின்றன. முடிக்கத் தெரியாத ஓவியர் இல்லை கோர்கி. அந்தக் கைகளை முடிக்கவில்லை.

யாருக்குச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தும் துயரம் உருமாறுகிறது. ஆஷ்விட்ஸிலிருந்து பிழைத்த எழுத்தாளர் எலீ வீசலின் 'இரவு' பல மொழிகளில் படிக்கப்படுகிறது. 1958இல் வந்த பிரெஞ்சு நூல் சின்னது, அடங்கிய குரலில் பேசுவது. அதன் கடைசியில் விடுதலைக்குப் பிறகு கண்ணாடி பார்க்கிறான் பையன், ஒரு பிணம் அவனைத் திருப்பிப் பார்க்கிறது. ஆனால் அதற்கு முன், 1956இல், பியூனஸ் அயர்ஸில் ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் வந்த மூல வடிவம் ஒன்று உண்டு. அதன் தலைப்பே 'உலகம் வாய்மூடி இருந்தது'. அளவில் இரு மடங்கு. அதில் பையன் கண்ணாடியில் தன்னைப் பார்த்ததும் முஷ்டியால் குத்தி உடைத்துவிடுகிறான். தன் மக்களிடம், தன் மொழியில் பேசியபோது இருந்த கோபம், உலகத்திடம் பேசும்போது துக்கமாகிவிட்டது. எது உண்மையான வீசல் என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். இரண்டும்தான் என்று நினைக்கிறேன். ஆனால் பாதிக்கப்பட்டவர் கோபப்படாமல் இருந்தால்தான் உலகத்துக்கு அவரைப் பிடிக்கிறது என்பதை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை கலை ஏதோ எப்போதும் பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்கிறது என்பது போலப் பேசிவிட்டேன். அது பொய். போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் 1995 ஜூலையில் 8,000க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டதற்காக 2016இல் இனப்படுகொலைக் குற்றவாளி என்று தீர்ப்பான போஸ்னிய செர்பியத் தலைவர் ராதோவான் கராட்ஜிச், கவிதைத் தொகுப்புகள் போட்ட கவிஞர். தலைமறைவாக இருந்தபோதுகூட நாவல் வெளியிட்டார். ருவாண்டாவின் சிமோன் பிகிண்டி பிரபலமான பாடகர். அவர் பாட்டுகள் வெறுப்பைப் பரப்பிய வானொலியில் ஓடின. சர்வதேசத் தீர்ப்பாயம் 2008இல் அவருக்கு 15 வருடம் கொடுத்தது, ஆனால் பாட்டுக்காக இல்லை, ஒலிபெருக்கியில் பேசிய பேச்சுக்காக. பாட்டுக்குத் தண்டனை கொடுப்பது அவ்வளவு சுலபமில்லை. நாமும் ரொம்ப யோக்கியம் மாதிரி பேச வேண்டாம்: போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் சமைத்துப் பரிமாறுவதைச் சந்தச் சுவையோடு பாடும் கலிங்கத்துப்பரணியைப் படித்துச் சொக்கிப்போனவர்கள்தானே நாம். தோற்ற கலிங்கத்தார் பக்கத்தில் யாராவது ஐந்தடிப் பாட்டு ஒன்று பாடியிருப்பார்களா என்று அந்தப் பக்கங்களைப் புரட்டும்போதெல்லாம் தோன்றும்.

புகைப்படம் தனிச் சிக்கல். எஸ்-21 சிறையில் ஒவ்வொரு கைதியையும் உள்ளே வந்ததும் படம் எடுத்தார்கள். நம்மைப் பார்க்கும் அந்த முகங்கள் உண்மையில் பார்ப்பது கொலைகாரனின் கேமராவை. 1997இல் அவற்றில் சில நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மாட்டப்பட்டன. இது கலையா, ஆவணமா, யார் அனுமதி கொடுத்தார்கள் என்று சர்ச்சை. 2021இல் ஒருவர் இதே படங்களுக்குக் கணினியில் வண்ணம் பூசினார். வண்ணத்தோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, சில முகங்களில் புன்னகையும் வரைந்துவிட்டார். ஒரு பத்திரிகை அதை வெளியிட்டு, கம்போடியர்கள் கொதித்ததும் எடுத்துவிட்டது. சாகப் போகிறவரைச் சிரிக்க வைப்பதில் ஒருவருக்கு என்ன ஆறுதல் கிடைத்திருக்கும்?

சிலி நாட்டுக் கலைஞர் அல்ஃப்ரெடோ ஜார் 1994 ஆகஸ்டில் ருவாண்டா போய் ஆயிரக்கணக்கில் படம் எடுத்தார். திரும்பி வந்து அவற்றைக் காட்டவில்லை. கறுப்புத் துணி உறையிட்ட பெட்டிகளுக்குள் வைத்து மூடி, மேலே உள்ளிருக்கும் படத்தின் விவரத்தை மட்டும் எழுதி, கல்லறை போல அடுக்கிவிட்டார். ஒரு பெண், தேவாலயம், கண் முன்னே கொல்லப்பட்ட கணவரும் பிள்ளைகளும் என்று படிக்கலாம், பார்க்க முடியாது. பிணப் படங்களைப் பத்திரிகைகள் அதற்குள் நிறையவே போட்டுவிட்டன, உலகம் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யவில்லை என்பது அவர் கட்சி.

ருவாண்டாவுக்கே ஸ்கொலாஸ்டிக் முகசோங்கா என்ற எழுத்தாளர் இருக்கிறார். 1994இல் அவர் பிரான்ஸில் இருந்தார், குடும்பத்தில் 37 பேர் கொல்லப்பட்டார்கள். அம்மா ஸ்டெஃபானியா மகள்களிடம் அடிக்கடி ஒன்று சொல்வாராம்: நான் செத்துக் கிடந்தால் என் உடலைத் துணியால் மூடிவிடுங்கள், தாயின் பிணத்தை யாரும் பார்க்கக் கூடாது. மகளால் மூட முடியவில்லை, உடலே கிடைக்கவில்லை. 2008இல் அம்மாவைப் பற்றி எழுதிய நூலில், இந்த வாக்கியங்களைத்தான் துணியாக நெய்கிறேன் என்கிறார். அப்புறம் புத்தகம் முழுக்க அம்மா உயிரோடு இருக்கிறார். சோளம் விதைக்கிறார், பெண் பார்க்கிறார், வீடு கட்டுகிறார். கொலை நடக்கும் பக்கமே கிடையாது.

இதைப் படிக்கும்போது எனக்கு ஈழக் கவிஞர் சேரனின் 'காடாற்று' நினைவுக்கு வரும். 2009க்குப் பிறகு வந்த தொகுப்பு. சுடலையில் தணலை ஆற்றி எலும்பு பொறுக்கும் சடங்கின் பெயர் அது. பொறுக்க எலும்பு கிடைக்காத பல்லாயிரம் பேருக்கு அந்தத் தலைப்பு என்ன அர்த்தம் தரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. முள்ளிவாய்க்காலில் நடந்ததற்கு எந்தச் சர்வதேச நீதிமன்றமும் இன்னும் பெயர் வைக்கவில்லை, ஐ.நா. நிபுணர் குழு 2011இல் 40,000 குடிமக்கள்வரை இறந்திருக்கலாம் என்றது. நீதிமன்றம் சொல்லும்வரை கவிஞர் காத்திருக்க மாட்டார் என்பது வேறு விஷயம். ஆனால் அதைப் பற்றி நம்மிடம் வந்து குவியும் எழுத்தில் பாதி, குருதி, சதை, ஓலம் என்று அடுக்கிக்கொண்டே போய், வாசகரைச் சீக்கிரமே மரத்துப்போக வைக்கிறது. வலி பொய் என்று சொல்லவில்லை. எழுத்து அதற்கு ஈடு கொடுக்கவில்லை.

ஈடு கொடுத்த ஒன்று, ஈழக் கவிஞர் எம்.ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை'. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்த பிறகு எழுதியது. கனவில் புத்தர் சுட்டுக் கொல்லப்பட்டு நூலகப் படியில் கிடக்கிறார். சுட்டவர்கள் சிவில் உடையில் வந்த காவலர்கள். அமைச்சர்கள் இருட்டோடு வந்து, எங்கள் பட்டியலில் இவர் பெயர் இல்லையே, ஏன் கொன்றீர்கள் என்று சினக்கிறார்கள். தவறில்லை ஐயா, இவரைச் சுடாமல் ஒரு ஈயைக்கூடச் சுட முடியவில்லை, அதனால்தான் என்று பதில் வருகிறது. பிறகு புத்தகங்களைக் குவித்து உடலை எரிக்கிறார்கள். ஒரு இடத்திலும் குரல் உயரவில்லை. பட்டியல் என்ற அலுவலகச் சொல் ஒன்று போதும், எரிந்த கட்டடத்துக்குப் பின்னால் இருந்த அத்தனை ஏற்பாடும் தெரிந்துவிடுகிறது. லெவியின் 'உருப்படி'க்கு இது சொந்தக்காரச் சொல்.

ஸ்ரெப்ரெனிட்சாவுக்காக போஸ்னியக் கலைஞர் ஐடா ஷெஹோவிச் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். கணவரை இழந்த பெண்களிடம் கேட்டபோது, சேர்ந்து உட்கார்ந்து காப்பி குடிப்பதுதான் இல்லாமல் போய்விட்டது என்றார்களாம். 2006 முதல் ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒரு நகரத்துச் சதுக்கத்தில் சின்னப் பீங்கான் கிண்ணங்களைப் பரப்பி, அன்று போகிறவர் வருகிறவர் எல்லாரும் காப்பி ஊற்றிவிட்டுப் போகலாம் என்றார். யாரும் குடிக்கக் கூடாது. கிண்ணங்கள் வருடா வருடம் நன்கொடையாக வந்து சேர்ந்தன, 2020இல் கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கையை எட்டின. எண்ணைக் காட்டுவதற்கு இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை, ஏனென்றால் ஒவ்வொரு கிண்ணத்தையும் ஒருவர் குனிந்து நிரப்ப வேண்டும்.

சரி, எதிலிருந்து தொடங்கலாம்? 'ஷோவா'வில் தொடங்காதீர்கள், ஒன்பதரை மணி நேரத்தை ஒரே மூச்சில் பார்ப்பது யாராலும் ஆகாது. பார்க்கும்போது நாலைந்து நாளாகப் பிரித்துப் பாருங்கள். படம் வரைந்து சொன்னால் எளிதாக உள்ளே போகும் என்பவர்களுக்கு ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மௌஸ்' இருக்கிறது. யூதர்கள் எலி, நாஜிகள் பூனை, 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு. 2022இல் அமெரிக்காவின் டென்னசியில் ஒரு பள்ளி வாரியம் அதைப் பாடத்திலிருந்து நீக்கியது, கெட்ட வார்த்தைகளும் ஒரு நிர்வாணப் படமும் இருக்கிறதாம். ஆஷ்விட்ஸில் அவர்கள் கண்ணை உறுத்தியது அது. ஆனால் நான் என்றால் லெவியிடம்தான் அனுப்புவேன், அதிலும் ஹுர்பினெக் வரும் பக்கங்களுக்கு. இரண்டு மூன்று பக்கம்தான். படித்துவிட்டு அன்றைக்கு வேறு எதையும் படிக்காதீர்கள்.